பெயரிடப்படாத எலும்பு

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் இருப்பதாகப் பள்ளிப் பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குப் 'பெயரில்லாத எலும்பு' என்பதே பல நூற்றாண்டுகளாகப் பெயராக இருந்து வந்தது. இடுப்பின் இருபுறமும், மேலே அகன்றும் நடுவே குறுகியும் கீழே ஒரு துளையோடும் அமைந்திருக்கும் இடுப்பெலும்புதான் அது. இலத்தீனில் 'ஆஸ் இன்னாமினேட்டம்' என்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த கிரேக்க மருத்துவர் கேலன், இந்த எலும்பின் பகுதிகளைப் பெயர் சொல்லி விளக்கியவர். முழு எலும்புக்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டுவிட்டார். பின்வந்தவர்கள் அந்த விடுபடலையே பெயராக்கிக்கொண்டார்கள்.

கேலனின் தயக்கத்துக்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் இது ஓர் எலும்பன்று, மூன்று. மேலே சிறகு போல விரிந்திருப்பது ஒன்று. நாம் உட்காரும்போது உடற்பாரத்தைத் தாங்குவது ஒன்று. முன்புறம் வளைந்துவந்து மறுபக்கத்து எலும்போடு சேர்வது ஒன்று. மூன்றும் தொடையெலும்பின் தலை வந்து பொருந்தும் குழியில் சந்திக்கின்றன. குருத்தெலும்பால் பிணைக்கப்பட்டிருந்த அவை பதின்ம வயதில் ஒன்றாக இறுகிவிடுகின்றன. பகுதிகளுக்குப் பெயருண்டு, முழுமைக்கு இல்லை என்ற விசித்திரம் இப்படித்தான் தோன்றியது.

பெயர் பெற்ற உறுப்புகளின் கதையும் சுவையானது. இடுப்பெலும்புகள் இரண்டும் பின்புறத்து முக்கோண எலும்பும் வாலெலும்பும் சேர்ந்த கட்டமைப்புக்கு இலத்தீனில் 'பெல்விஸ்' என்று பெயர். அகன்ற பாத்திரம் என்பது பொருள். தொடையெலும்பு பொருந்தும் குழி ரோமானியர் சாப்பாட்டு மேசையில் வைத்த காடிக் கிண்ணம். முழங்கால் சில்லு ஒரு சிறு தட்டு. கணைக்காலின் உள்ளெலும்பு புல்லாங்குழல். வெளியெலும்பு மேலாடையைக் குத்திவைக்கும் ஊசி. வாலெலும்பு கிரேக்கத்தில் குயில். அதன் வளைவு குயிலின் அலகை ஒத்திருப்பதால் வந்த பெயர். முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு மட்டும் 'புனித எலும்பு' என்ற தகுதியைப் பெற்றது. ஏன் புனிதம் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இவற்றைத் திருவென்பு என்றும் குயிலலகு என்றும் கிண்ணக்குழி என்றும் அழகாகத் தமிழாக்கியிருக்கிறது.

உவமையால் உறுப்புக்குப் பெயரிடுவது நமக்கும் புதிதன்று. கரும்பின் கணுவைப் பார்த்தவன்தான் கணுக்கால் என்றான். கெண்டை மீனின் புடைப்பைப் பார்த்தவன்தான் கெண்டைக்கால் என்றான். வகுப்பில் ஆகுபெயரும் உவமையும் நடத்தும்போது, மாணவர்களைத் தம் கால்களையே குனிந்து பார்க்கச் சொல்வது என் வழக்கம். அறியாததை அறிந்ததன் பெயரால் அழைப்பதுதான் மொழியின் முதல் வேலை. ஆனால் உடற்கூற்றியலின் வரலாற்றில், எதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதைப் போலவே யாருக்குப் பெயர் இல்லாமல் போயிற்று என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இடுப்பெலும்பைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பெண்களின் உடலிலிருந்து பெறப்பட்டது. அந்தப் பெண்களில் மிகச் சிலருடைய பெயர்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

கேலன் காலத்து ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அவர் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து, அவற்றிலிருந்து மனித உடலை ஊகித்தார். அந்த ஊகங்கள் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேதவாக்காக இருந்தன. 1543-இல் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் தமது பெருநூலை பாசெல் நகரில் அச்சிட்டபோதுதான் அந்த நிலை அசைந்தது. அப்போது அவருக்கு வயது 28. அந்நூலின் முகப்புப் படம் உலகப் புகழ் பெற்றது. வட்ட அரங்கில் நெருக்கியடித்து நிற்கும் ஆண்கள், நடுவில் மேசைமேல் வயிறு திறக்கப்பட்ட ஒரு பெண்ணுடல், அருகே வெசாலியஸ். அந்தப் பெண் யார்? தூக்குத் தண்டனைக்கு அஞ்சித் தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னவள் அவள். மருத்துவச்சிகள் சோதித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெசாலியஸ் இவ்வளவையும் எழுதியிருக்கிறார். பெயர் எழுதப்படவில்லை.

இங்கே இடுப்பின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. இடுப்பு வளையத்துக்கு இரண்டு வேலைகள். மேலுடலின் பாரத்தை முதுகெலும்பிலிருந்து வாங்கி இரு தொடையெலும்புகளுக்கும் பகிர்ந்தளிப்பது ஒன்று. பெண்ணுடலில் பிள்ளை வெளிவரும் வழியாக இருப்பது மற்றொன்று. அந்த வழி நேர்க்குழாயன்று. நுழைவாயிலில் பக்கவாட்டு அகலம் சுமார் 13 செ.மீ., முன்பின் அகலம் சுமார் 11 செ.மீ.; வெளிவாயிலிலோ முன்பின் அகலமே பெரிது. முழுவளர்ச்சி பெற்ற சிசுவின் தலை அதன் குறுகிய குறுக்களவில் 9.5 செ.மீ. அளவுக்கு இருக்கும். ஆகவே பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பித்தான் வெளியே வரவேண்டும். ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து.

ஆனால் பிரசவத்தின்போது இடுப்பெலும்புகள் தாமே விலகி வழிவிடுகின்றன என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவிற்று. அந்த மூட்டுகள் கருவுற்ற காலத்தில் சற்றுத் தளர்கின்றன என்பது மெய்; கதவு போலத் திறப்பதில்லை. எலும்பு குறுகியிருப்பதே பிரசவம் தடைப்படக் காரணமாகலாம் என்பதைத் தெளிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஹென்ட்ரிக் வான் டெவென்டர் என்ற டச்சு மருத்துவர். அவருடைய நூல் 1701-இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, லண்டனில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஸ்மெல்லி, விரல்களைக் கொண்டே இடுப்பின் உள்ளளவை மதிப்பிடும் முறையை வகுத்து, 1752-இல் தமது பேறுகால நூலை வெளியிட்டார். இருட்டில் தடவிக்கொண்டிருந்த கலைக்கு அளவுகோல் கிடைத்தது எனலாம்.

ஸ்மெல்லியின் கைகள் அடிக்கடி சந்தித்த குறுகிய இடுப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி குழந்தைப் பருவத்து ரிக்கெட்ஸ் நோயிலிருந்து. நிலக்கரிப் புகை மூடிய வானத்தின் கீழே, ஒடுங்கிய சந்துகளில், வெயில் படாமல் வளர்ந்த ஏழைச் சிறுமிகளின் எலும்புகள் சுண்ணாம்புச் சத்துப் பிடிக்காமல் மென்மையாகவே இருந்தன. கால்கள் வில்லாய் வளைந்தன. உடற்பாரம் இடுப்பு வளையத்தை முன்பின்னாக நசுக்கியது. அந்தச் சிறுமி இருபது வயதில் தாயாகும்போதுதான் நசுங்கிய எலும்பு தன்னைக் காட்டிக்கொண்டது. மீனெண்ணெயும் புற ஊதாக் கதிரும் இந்நோயைத் தீர்க்கும் என்பது 1919-ஐ ஒட்டித்தான் நிறுவப்பட்டது. காஷ்மீரில் பணியாற்றிய காத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர், முகத்திரை வழக்கம் தாய்மையை எப்படிப் பாதிக்கிறது என்று 1928-இல் ஒரு நூலே எழுதினார். வெயிலில் உழைக்கும் படகுக்காரப் பெண்கள் எளிதில் பிள்ளை பெறுவதையும், வீட்டுக்குள் அடைபட்ட வசதியான வீட்டுப் பெண்கள் எலும்பு மென்மையாகிப் பேறுகாலத்தில் துன்புறுவதையும் அவர் கண்டிருந்தார். லண்டனில் புகை செய்ததை ஸ்ரீநகரில் சுவர் செய்தது. எலும்பின் குறை என்று குறிக்கப்பட்டதன் பின்னால் ஊரும் வழக்கமும் இருந்தன.

பெயர் தெரிந்த ஒரு பெண்ணிடம் இப்போது வருவோம். பாரிஸில் 1777-இல் வாழ்ந்த மதாம் சூஷோ. ரிக்கெட்ஸால் வளர்ச்சி குன்றி, நான்கடிக்கும் குறைவான உயரம் கொண்டவர். அதற்கு முன் நான்கு முறை கருவுற்றும் ஒரு பிள்ளைகூட உயிரோடு பிறக்கவில்லை. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கும் அறுவை அக்காலத்தில் தாய்க்குப் பெரும்பாலும் மரணமாகவே முடிந்தது. ழான் ரெனே சிகோ என்ற மருத்துவர் மாற்றுவழி ஒன்றை முன்பே, 1768-இல், மாணவராக இருக்கும்போதே முன்மொழிந்து ஏளனத்துக்கு ஆளாகியிருந்தார். முன்புறத்தில் இரு இடுப்பெலும்புகளையும் இணைக்கும் குருத்தெலும்பை அறுத்துவிட்டால் வளையம் விலகும், பிள்ளை வெளிவரும் என்பது அவர் யோசனை. முன்னோர் நம்பிய கதவை அவர் கத்தியால் திறக்க முனைந்தார். மதாம் சூஷோவுக்கு அதைச் செய்தார். குழந்தை உயிரோடு பிறந்தது, தாயும் பிழைத்தார். மருத்துவப் பேராசிரியர் அவை சிகோவுக்கும் அவருடைய உதவியாளர் லெரோவாவுக்கும் பதக்கம் அடித்துச் சிறப்பித்தது.

பதக்கத்தில் இடம்பெறாத செய்தி ஒன்றுண்டு. அறுவையில் மதாம் சூஷோவின் சிறுநீர்ப்பாதை சேதமுற்றது. அதன்பின் அவர் சிறுநீர்க்கசிவோடே வாழ நேர்ந்தது. பாரிஸின் புகழ்பெற்ற பேறுகால மருத்துவர் போதெலோக் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். இடுப்பை வெளியிலிருந்து அளக்கும் கவைக்கருவியைப் பரப்பியவர் அவரே. அந்த அளவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் சாங்கர் கருப்பையைத் தைக்கும் முறையை நெறிப்படுத்திய பின்னர் சிசேரியன் அறுவை மெல்ல மெல்ல ஆபத்துக் குறைந்ததாயிற்று. குருத்தெலும்பை அறுக்கும் முறை, அறுவை அரங்கு எட்டாத இடங்களில் உயிர்காக்கும் கடைசி வழியாக ஒதுங்கியிருக்க வேண்டும்.

அயர்லாந்தில் அப்படி நடக்கவில்லை. 1940-களில் டப்ளினில் புத்துயிர் பெற்ற அம்முறை, அறுவை அரங்குகள் இருந்த மருத்துவமனைகளிலேயே 1980-கள் வரை ஏறத்தாழ 1,500 பெண்கள்மேல் செய்யப்பட்டது. மீண்டும் மீண்டும் சிசேரியன் செய்தால் பெண் பெறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிடும், அது கருத்தடையை நாடச் செய்யும் என்ற அச்சம் அங்கே இருந்தது. கருத்தடைச் சாதன விற்பனை 1935 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்க நாடு அது. சமயக் காரணமே முதன்மையானதா, மருத்துவக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமக்கு என்ன செய்யப்பட்டது என்பதே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது என்று பல பெண்கள் கூறினார்கள் என்பது பதிவான செய்தி. நடப்பதில் வேதனை, மாடிப்படி ஏறுவதில் வேதனை, தூக்கிய பிள்ளையோடு நிற்க முடியாத வேதனை என்று அவர்கள் சொன்னவற்றை முதியவர்களான பிறகே நாடு கேட்டது. 2014-இல் அரசு இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தது. தொகை 50,000 யூரோ முதல் 1,50,000 யூரோ வரை. இடுப்பு வளையம் பிள்ளை வரும் வழி மட்டுமன்று, நடையின் அச்சாணியும் அதுவே என்பதை அந்தப் பெண்கள் தம் கால்களால் அறிந்திருந்தார்கள்.

படங்களின் வரலாற்றுக்கு இனித் திரும்பலாம். 1774-இல் வில்லியம் ஹன்டர் வெளியிட்ட கருவுற்ற கருப்பையின் படத்தொகுதி மருத்துவ ஓவியத்தின் சிகரமாகப் போற்றப்படுவது. ரிம்ஸ்டைக் என்ற ஓவியர் வரைந்த அப்படங்களில் தொடைகள் குறுக்கே துண்டிக்கப்பட்டு எலும்பின் வெட்டுமுகம் தெரியும். முகம் இல்லை, பெயரும் இல்லை. 1832-இல் இங்கிலாந்தில் வந்த உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க வழி செய்தது. நடைமுறையில் அவை ஏழைகள் விடுதிகளில் இறந்தவர்களின் உடல்கள். 1858-இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் அத்தகைய உடல்களின்மேல்தான் எழுந்தது. அதன் ஓவியர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் ஒரு புதுமை செய்தார். எண்ணிட்டு அடியில் விளக்கம் தராமல், எலும்பின் மேலேயும் தசையின் மேலேயும் அதனதன் பெயரையே எழுதினார். மாணவன் கண்ணுக்கு உறுப்பும் பெயரும் ஒன்றாயின. தலைப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயர் சிறிய எழுத்துக்குச் சுருங்கியது தனிக்கதை. அவர் பின்னர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார்.

அதே நூல் தமிழுக்கும் வந்தது என்பதை இலக்கிய வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் பயிற்சிமொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினார். கிரேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழில் வெளிவந்தது. பேறுகால நூல் ஒன்று 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் அதற்கு முன்பே வந்திருந்தது. 'அங்காதிபாதம்' என்ற சொல்லைக் கேட்டதும் கேசாதிபாதமும் பாதாதிகேசமும் நினைவுக்கு வராத தமிழ் மாணவன் இருக்க முடியாது. தலைவியையும் தெய்வத்தையும் அடிமுதல் முடிவரை வருணித்துப் பழகிய மொழி, அந்த ஓசையையே உடற்கூற்றுக்கும் கைக்கொண்டது. சிற்றிலக்கிய வருணனையில் தலைவிக்குப் பெயருண்டு, பெருமையுண்டு. அறுவை மேசையில் கிடந்தவளுக்குத்தான் இரண்டும் இல்லாமல் போயின.

பெயர் வைப்பதிலும் தீங்கு நேரலாம் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு சான்று. 1826-இல் டச்சு உடற்கூற்றியலாளர் விரோலிக், இனத்துக்கு இனம் இடுப்பு வேறுபடுகிறது என்று எழுதி, ஆப்பிரிக்கப் பெண்ணின் இடுப்பை விலங்கினத்துக்கு நெருக்கமாக வைத்தார். ஐரோப்பியப் பெண்ணின் அளவே இயல்பு, மற்றவை விலகல் என்ற எண்ணம் நூல்களில் ஊறியது. 1933-இல் அமெரிக்காவின் கால்டுவெல்லும் மோலாயும் இடுப்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: பெண்தன்மையது, ஆண்தன்மையது, மனிதக் குரங்கை ஒத்தது, தட்டையானது. இப்பெயர்களை மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து வந்திருக்கிறார்கள். இவ்வகைகள் உண்மையில் தனித்தனியே பிரிந்து நிற்கவில்லை, ஒன்றோடொன்று கலந்து பரவிக் கிடக்கின்றன என்று 2015-இல் வந்த ஆய்வு காட்டிற்று. உலகின் வெவ்வேறு பகுதி மக்களிடையே பிறப்புவழியின் வடிவம் இயல்பாகவே வேறுபடுகிறது என்றும், ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிரசவம் பார்ப்பது பொருந்தாது என்றும் 2018-இல் மற்றோர் ஆய்வு சுட்டியது. தன் உடலைக் 'குரங்கை ஒத்தது' என்று குறிப்பேட்டில் எழுதக் கண்ட பெண்ணின் மனநிலையை எந்த ஆய்வும் அளந்ததில்லை.

இடுப்பெலும்பின் வரலாற்றில் மிகப் பழைய பெண்களுள் ஒருத்திக்குப் பெயர் கிடைத்தது ஒரு வியப்பு. 1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்டு ஜொஹான்சன் குழுவினர் கண்டெடுத்த 32 லட்சம் ஆண்டுப் பழமையான எலும்புக்கூடு அது. முகாமில் ஒலித்த பீட்டில்ஸ் பாடலிலிருந்து 'லூசி' என்று பெயரிட்டார்கள். எத்தியோப்பியர்கள் 'டின்கினேஷ்' என்கிறார்கள், 'நீ அற்புதமானவள்' என்று பொருள். இடப்பக்க இடுப்பெலும்பும் முக்கோண எலும்பும் கிடைத்ததால், மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக அமைத்து முழு வளையத்தையும் உருவாக்க முடிந்தது. மனிதக் குரங்குகளின் இடுப்பெலும்பு நீண்டு உயர்ந்தது. இவளுடையதோ குட்டையாகி, அகன்று, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடல் சாயாமல் தாங்கும் தசைகளுக்கு அந்தத் திருப்பம் பிடிமானம் தருகிறது. தொடையெலும்பு உள்நோக்கிச் சாய்ந்து முழங்காலை உடலின் நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுவந்தது. 1978-இல் தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து கண்டறியப்பட்ட 36 லட்சம் ஆண்டுக் காலடித் தடங்களும் அதையே சொல்லின. மூளை பெரிதாவதற்கு நெடுங்காலம் முன்பே நம் முன்னோர் நிமிர்ந்து நடந்துவிட்டார்கள்.

நடைக்குக் குறுகிய இடுப்பும் பேற்றுக்கு அகன்ற இடுப்பும் வேண்டும், பெண்ணுடல் இரண்டுக்கும் இடையே சமரசம் செய்துகொண்டது என்பது 1960-இல் ஷெர்வுட் வாஷ்பர்ன் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. 'பேறுகால இக்கட்டு' என்று அதற்குப் பெயர். பெண்ணின் நடை ஆணுடையதைவிடத் திறன் குறைந்தது என்ற எண்ணமும் இதன் நிழலில் வளர்ந்தது. 2012-இல் ஹாலி டன்ஸ்வொர்த் முதலியோர், பேறுகாலத்தை முடிவு செய்வது இடுப்பின் அகலத்தைவிடத் தாயின் உடல் ஈடுகட்டக்கூடிய ஆற்றலின் எல்லையே என்று வாதிட்டனர். 2015-இல் அன்னா வாரனர் குழுவினர் அளந்து பார்த்தபோது, அகன்ற இடுப்பால் நடைக்கும் ஓட்டத்துக்கும் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை. விவாதம் முடிந்துவிடவில்லை, ஆனால் பெண்ணுடல் ஒரு குறைபாடான சமரசம் என்ற பழைய உறுதி தளர்ந்துவிட்டது.

இன்றைய பாடநூல்களில் 'பெயரில்லாத எலும்பு' என்ற வழக்கு அருகிவிட்டது. இடுப்பெலும்பு என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். இடுப்பிலும் காலிலும் பயின்று செல்லும் மாணவர், தொடையில் ஹன்டரின் கால்வாயையும், கவட்டில் பூப்பாரின் இழையையும், கோணல் இடுப்பில் நேகெலேயையும் சந்திப்பார். எல்லாம் ஆண்களின் பெயர்கள். அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த உழைப்பால் இன்று எத்தனையோ தாய்மார் பிள்ளையோடு வீடு திரும்புகிறார்கள். ஆயினும் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் நாம் வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு பட்டியல் இருக்கிறது: பதுவாவில் கருவுற்றதாகச் சொல்லிப் பார்த்தவள், லண்டன் ஏழைகள் விடுதியில் இறந்தவள், டப்ளினில் எதற்கென்று தெரியாமல் மேசையில் படுத்தவள். அதில் மதாம் சூஷோ என்ற ஒரு பெயரை மட்டும் நம்மால் எழுத முடிகிறது. அதுவும் அவருடைய கணவர் வீட்டுப் பெயர்.